நடவின்போது உடனிருந்தேன்

ஹைதராபாத்
9 மார்ச் 2025

அன்புள்ள ஆவுடையக்கா,

நாலு நாளாக உங்களைப் போனில் கூப்பிடுகிறேன். நீங்கள் எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் ஒழுங்காகப் பேசியிருப்பேனா என்று தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அறுப்பன்று உங்கள் வரப்பில் நின்று, வேலைக்கு வந்த பெண்கள் எல்லாரும் பார்க்க, "உரத்தப் போட்டுட்டுப் போடலைன்னு சொல்லுதீங்களே, என் மூணு வருஷத்த முழுங்கிட்டீங்களே" என்று கத்தினேன். கத்தியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். சொன்னதற்கு இன்னும் கேட்க முடியவில்லை. மனசில் இல்லாமல் ஒரு மன்னிப்பு கேட்பதற்கு இது மேல் என்று நினைத்தேன்.

என் நிலையைச் சொல்கிறேன். உங்கள் மேட்டு வயலில் பன்னிரண்டு பாத்தி. ஆறில் சாதா நெல். மற்ற ஆறில் அதே நெல்லை ஒரு பழைய மானாவாரி நெல்லோடு பல தலைமுறை கலந்து, ஒரே ஒரு மரபணுவை மட்டும் உள்ளே கொண்டுவந்த நெல். நீங்கள் அதற்கு வேர்நெல் என்று பெயர் வைத்தீர்கள். ஆய்வகத்தில் நாங்களும் அப்படியே சொல்லப் பழகிவிட்டோம். பன்னிரண்டுக்கும் தழைச்சத்து உண்டு, சாம்பல்சத்து உண்டு. மணிச்சத்து (பாஸ்பரஸ்) மட்டும் ஒரு பிடிகூடப் போடக் கூடாது. அதுதான் ஏற்பாடு. முதல் வருஷம் சாதா நெல்லில் குத்துக்கு ஏழு தூர் கிளைத்தது, வேர்நெல்லில் பதின்மூன்று. இரண்டாம் வருஷமும் ஏறக்குறைய அதே. இந்த வருஷப் பிசானப் பருவத்தில் இரண்டும் பதினான்கு. மணிச்சத்து இல்லாத மண்ணில் சாதா நெல் அப்படித் தூர் கட்டாது. யாரோ போட்டிருக்க வேண்டும். வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

பாத்திக்கு ஒரு பிடி மண் எடுத்து, எண் எழுதிய பையில் போட்டு அனுப்புவீர்களா? தபால் செலவுக்குப் பணமும் வைத்திருக்கிறேன். கடிதத்தைக் கோபத்தில் கிழித்துப் போட்டாலும் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

நஃபீஸத்


17 மார்ச் 2025

முனைவர் நஃபீஸத் அவர்களுக்கு,

ஆவுடைத்தாய் எழுதுவது. தாங்கள் கேட்ட மண் பன்னிரண்டு பொட்டலம் இத்துடன் வருகிறது. நானே மண்வெட்டி எடுத்துப் போய், ஒவ்வொரு பாத்தியிலும் நாலு மூலையிலும் நடுவிலும் வெட்டிக் கலந்து எடுத்தேன். முதல் வருஷம் தாங்கள் காட்டிக் கொடுத்த மாதிரியே.

எங்கள் வீட்டில் மணிச்சத்து உள்ள டிஏபி உர மூட்டை இருக்கிறது. கீழ் வயலுக்கு வாங்கியது. அது மேட்டு வயலுக்கு ஒரு மணிகூடப் போகவில்லை. போயிருந்தால் போயிற்று என்று சொல்லிவிட்டுப் போகிறேன், எனக்கென்ன பயம்?

நீங்கள் காரில் ஏறிப் போன பிறகு நடவாள் கூட்டத்துக்குத் தலைவியான இசக்கியம்மாள் என்னிடம் வந்து கேட்டாள். "என்னக்கா, அந்தப் பிள்ள உங்களக் களவாணிங்கிற மாதிரில்லா பேசிட்டுப் போகுது? நீங்க பேசாம நிக்கிய?" இருபத்தாறு வருஷமாகப் பயிர் வைக்கிறேன். ஒருத்தர் மடையை நான் அடைத்ததில்லை. என் வரப்பிலேயே தலைகுனிந்து நின்றது அன்றைக்குத்தான்.

இன்னொன்று. உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தூர் எத்தனை என்று இருக்கிறது. சார் எப்படி இருக்கிறார் என்று ஒரு வரி இல்லை. நீ சாரோடு, என் வீட்டுக்காரரோடு உட்கார்ந்து தூர்க் கணக்குப் போட்டுப் பார்த்த ஆள்தானே? வாதத்தில் விழுந்த அவர் வலது கை இன்னும் வரவில்லை. மூக்கில் போட்ட குழாயை எடுத்தாகிவிட்டது. கஞ்சி குடிக்கிறார். நீ கேட்காவிட்டாலும் சொல்லி வைக்கிறேன்.

ஆவுடைத்தாய்


ஹைதராபாத்
3 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்கா,

மண் முடிவு வந்துவிட்டது. பன்னிரண்டு பாத்தியிலும் மணிச்சத்து ஏக்கருக்கு மூன்றரை கிலோவைத் தாண்டவில்லை. உரம் விழுந்த மண் இப்படி இருக்காது. நீங்கள் போடவில்லை.

இப்போது முழு மன்னிப்பும் கேட்கிறேன். சொன்னதற்கும் சேர்த்து. பெண்கள் முன்னால் சொன்னேன், அவர்கள் முன்னால் வந்தே கேட்கிறேன். சாரைப் பற்றிக் கேட்காமல் விட்டதற்கு எந்தச் சாக்கும் இல்லை. உம்மா மேலப்பாளையத்திலிருந்து போன் செய்யும்போதெல்லாம் "அந்த வாத்தியாருக்கு எப்படி இருக்கு?" என்று கேட்கிறாள். உம்மாவுக்கு இருந்த நினைப்பு எனக்கு இல்லை. இந்த வேலை என்னை அப்படி ஆக்கிவிட்டது என்று சொல்லலாம். அதுவும் சாக்குதான்.

மண் குற்றமில்லை என்றால் பிறகு ஏன் பதினான்கு தூர்?

ஒருமுறை வாய்க்கால் படியில் உட்கார்ந்து கேட்டீர்கள், அந்த ஒரு மரபணு அப்படி என்னதான் செய்கிறது என்று. வெயில் ஏறிவிட்டது, அப்புறம் சொல்கிறேன் என்றேன். சொல்லவே இல்லை. தழைச்சத்து தண்ணீரோடு வேருக்கு வந்து சேரும். மணிச்சத்து அப்படி வராது. மண்ணில் ஒட்டிக்கொண்டு, போட்ட இடத்திலேயே கிடக்கும். வேர்தான் அது இருக்கிற இடத்துக்குப் போக வேண்டும். சாதா நெல் நாற்றுப் பருவத்தில் வேரைச் சாவகாசமாக விடும். இந்த மரபணு உள்ள நெல், மண்ணில் சத்து குறைவாக இருந்தாலும் முதல் இருபது நாளிலேயே வேரை நாலாபக்கமும் ஓட்டிவிடும். அதிக மண்ணைத் தொடும், அதிகம் எடுக்கும். அவ்வளவுதான். பதினோரு வருஷமாக நான் செய்வது இந்த ஒரு விஷயத்தை மட்டும்தான். சொன்னால் ஐந்து வரி.

அந்த மரபணு இருக்கிறதா இல்லையா என்று இலையில் பார்த்துவிடலாம். அறுத்த தாளில் துளிர் வந்திருந்தால் பாத்திக்கு ஐந்து இலை கிள்ளி, காகித உறையில் போட்டு, நிழலில் காயவைத்து அனுப்புங்கள். இனி எதையும் உங்களிடம் கேட்க எனக்கு முகம் இல்லை. ஆனாலும் கேட்கிறேன். என் வேலை ஒப்பந்தம் ஜூன் முப்பதோடு முடிகிறது. அதற்குள் அறிக்கை கொடுக்க வேண்டும்.

நஃபீஸத்


13 ஏப்ரல் 2025

நஃபீஸத்துக்கு,

மன்னிப்பு கிடைத்தது. இசக்கியம்மாளிடம் படித்துக் காட்டினேன். "நல்ல பிள்ளதான், கோவம் வந்துட்டு" என்றாள். அவள் அவ்வளவு லேசாக விட்டுவிட்டாள்.

துளிர் இருக்கிறது. மாடு மேயாமல் வேலி கட்டியிருந்ததால் தப்பியது. பன்னிரண்டு உறை வைத்திருக்கிறேன். எண் சரியாகப் பார்த்து எழுதியிருக்கிறேன்.

இலையில் எதெல்லாம் தெரியும்? அந்த ஒன்று மட்டும் தெரியுமா, எல்லாமே தெரிந்துவிடுமா?

இதற்குக் கீழே ஆறேழு வரி எழுதினேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்துவிட்டு இதை மறுபடி எழுதுகிறேன். நாளைக்கு சித்திரை விசு. சாருக்குக் கனி காட்ட வேண்டும். வேலை கிடக்கிறது.

ஆவுடைத்தாய்


ஹைதராபாத்
2 மே 2025

அக்கா,

சாதா நெல் என்று எண் போட்ட ஆறு பாத்தியின் இலையிலும் அந்த மரபணு இருக்கிறது. என்னோடு வேலை செய்யும் கரோலின் தனியாக ஒருமுறை பார்த்தாள், நான் இரண்டு முறை பார்த்தேன். சந்தேகமே இல்லை. பன்னிரண்டு பாத்தியிலும் நின்றது வேர்நெல்.

விதைப்பை என் கையில் மாறியிருக்குமோ என்று, இங்கே குளிர்பெட்டியில் வைத்திருந்த மீதி விதையை எடுத்து முளைக்க வைத்துச் சோதித்தேன். என் பைகள் சரியாகத்தான் இருக்கின்றன.

பக்கத்து வயல்காரருடையது வேறு நெல். அதிலிருந்து முப்பது இலை கிள்ளி, சாதா நெல் எண் எழுதிய ஆறு உறையிலும் போட்டு நீங்கள் அனுப்பியிருந்தால், நாங்கள் பார்க்கிற அந்த ஒரு மரபணு அதில் இல்லை என்றுதான் வந்திருக்கும். எனக்கு எந்தக் காலத்திலும் தெரிந்திருக்காது. நீங்கள் சரியான இலையை அனுப்பியிருக்கிறீர்கள். அதை வைத்துத்தான் கேட்கிறேன். நடவில் என்ன நடந்தது?

கத்த மாட்டேன். கத்த என்னிடம் தெம்பும் இல்லை.

நஃபீஸத்


12 மே 2025

நஃபீஸத்துக்கு,

எழுதிவிடுகிறேன். ஒரே மூச்சில் எழுதுகிறேன், நடுவில் நிறுத்தினால் பிறகு எழுத மாட்டேன்.

சார் விழுந்தது டிசம்பர் தொடக்கத்தில் என்று உன்னிடம் சொல்லியிருந்தேன். அது பொய். அவர் விழுந்தது நவம்பர் பதினொன்றாம் தேதி. குளித்துவிட்டு வந்தவர் துண்டை எடுக்கப் போய் அப்படியே சரிந்துவிட்டார். வாய் கோணிவிட்டது. ஆட்டோ பிடித்து உள்ளூர் ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கிருந்து ஆம்புலன்சில் திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரி. பதின்மூன்றாம் தேதி நடவு என்று இசக்கியம்மாளிடம் முன்னாலேயே சொல்லி வைத்திருந்தேன். நிறுத்தச் சொல்லத் தோன்றவே இல்லை. நடவு ஞாபகமே இல்லை.

பன்னிரண்டாம் தேதி முழுக்க நல்ல மழை. மறுநாள் காலையில் சாருக்கு மூக்கில் குழாய் போட்டுக்கொண்டிருந்தார்கள். என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். அப்போது இசக்கியம்மாள் போன் வந்தது.

"அக்கா, சாதா நெல் நாத்தங்கால் போச்சு. வாய்க்கா கரை உடைஞ்சு மண்ணடிச்சு மூடிக் கெடக்கு. பதினாலு பேரு வந்து நிக்காவ. என்ன செய்ய?"

"வேர்நெல் நாத்து?"

"அது மேட்டுல கெடக்கதால ஒண்ணும் ஆகல. தேவைக்கு மேல இரட்டிப்பா இருக்கு."

"அப்ப அத எடுத்துப் பன்னெண்டுலயும் நட்டுரு."

அவள் தயங்கினாள். "அந்தப் பிள்ள வேற வேறயால்லா நடச் சொல்லிச்சு?"

"நான் பாத்துக்கிடுதேன் இசக்கி. நீ நடு."

இவ்வளவுதான் நடந்தது. ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. உள்ளே அவர் இருமுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பாத்தி வெறுமையாகக் கிடக்கக் கூடாது, அது மட்டும்தான் என் மனதில் இருந்தது. எப்போது நாற்று அழிந்தாலும் இருக்கிற நாற்றை வைத்து நிரப்பத்தானே செய்வோம்?

மத்தியானம் நீ கூப்பிட்டாய். "அக்கா, நடவு முடிஞ்சுதா? வர முடியல அக்கா. இந்த வருஷமும் சரியா வந்துட்டா எனக்கு இங்க வேலை நிக்கும். இல்லன்னா இதோட முடிஞ்சது." அப்போது சொல்லியிருக்க வேண்டும். நாற்று போயிற்று, மாற்றி நட்டிருக்கிறேன் என்று ஒரு வரி. ஆனால் உன் குரலைக் கேட்டதும், "முடிஞ்சுட்டு. நீ நிம்மதியா இரு" என்றேன். சார் விழுந்ததையும் அதனால்தான் மறைத்தேன். அன்றைக்கு நான் வயலில் இல்லை என்று தெரிந்தால் நீ நோண்டிக் கேட்பாய். கேட்டால் சொல்லிவிடுவேன்.

உனக்கு நல்லது செய்வதாக நினைத்தேன் என்று எழுதினால் அது பாதிதான் உண்மை. என் வயலில் ஆறு பாத்தி காலியாகக் கிடப்பதை ஊர் பார்க்கக் கூடாது என்பது மீதி.

நீ உரம் போட்டாய் என்று சொன்னபோது எனக்கு அத்தனை கோபம் வந்தது ஏன் என்று பிறகு யோசித்தேன். செய்யாததைச் சொன்னாய். செய்தது வேறு ஒன்று இருந்தது. அதனால்தான் அவ்வளவு சத்தமாக இல்லை என்று சொல்ல முடிந்தது.

இசக்கியம்மாள் மேல் எதையும் ஏற்றாதே. அவள் கேட்டாள். நான்தான் நடச் சொன்னேன்.

ஆவுடைத்தாய்


ஹைதராபாத்
27 மே 2025

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதம் பத்து நாளாக என் பையில் இருக்கிறது. பஸ்சில் எடுத்துப் படிக்கிறேன், மடித்து வைக்கிறேன். உங்கள் மேல் கோபம் வர வேண்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வராததற்குக் காரணம் இருக்கிறது. அதை இப்போது நான் எழுத வேண்டும்.

நடவன்று நான் ஏன் வரவில்லை என்று நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. நான் டெல்லியில் இருந்தேன். ஒரு நிரந்தர வேலைக்கு நேர்காணல். ஒரே இடம், நாற்பத்தொரு பேர். நீங்கள் ஆஸ்பத்திரியில் வெளியே நின்றுகொண்டிருந்த அதே மத்தியானம் நானும் ஒரு கட்டிடத்தின் நடைபாதையில் என் பெயரைக் கூப்பிடுவார்கள் என்று நின்றுகொண்டுதான் உங்களுக்குப் போன் செய்தேன். வேலை கிடைக்கவில்லை. அதை விடுங்கள்.

எங்கள் விதிப்படி, ஆய்வு வயலில் நடவு நடக்கும்போது ஆய்வாளர் நேரில் நின்று, எந்தப் பாத்தியில் எந்த நாற்று போகிறது என்று பார்க்க வேண்டும். பிறகு வயல் பதிவேட்டில் "நடவின்போது உடனிருந்தேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். டெல்லியிலிருந்து வந்த மறுநாள் அதை எழுதினேன். பதின்மூன்றாம் தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டேன். இரண்டு வருஷம் சரியாக நட்டவர்கள், மூன்றாம் வருஷம் என்ன தப்பு வரப்போகிறது என்று நினைத்தேன். அன்றைக்கு நான் அங்கே நின்றிருந்தால், நாற்று அழிந்தது எனக்குத் தெரிந்திருக்கும். ஆறு பாத்தியும் காலியாகக் கிடந்திருக்கும். ஒரு வருஷம் போயிருக்கும். அவ்வளவுதான்.

வரப்பில் நின்று உங்களை அப்படிப் பேசினேனே, அப்போதே என் பதிவேட்டில் அந்தக் கையெழுத்து இருந்தது.

எங்கள் தலைவரிடம் மாற்றி நட்டதை மட்டும் சொன்னேன். அவர் கெட்டவரில்லை, ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கிறது, களைத்துப்போனவர். மழையால் மூன்றாம் வருஷச் சோதனை சேதமானது என்று ஒரு வரி எழுதி, முதல் இரண்டு வருஷத்தை வைத்து முடித்துவிடலாம் என்கிறார். மழை பெய்தது உண்மை. சேதமும் உண்மை. யாரும் எதிர்த்துக் கேட்க மாட்டார்கள். எனக்கும் இன்னொரு வருஷம் நீட்டிப்பு கிடைக்கலாம்.

ஒன்று மட்டும் என்னை விட மறுக்கிறது. சாதா என்று நினைத்து, எந்த ஆசையும் வைக்காமல் எண்ணிய பாத்திகளில்கூட அந்த நெல் பதினான்கு தூர் விட்டிருக்கிறது. இந்த மரபணுவுக்கு இதைவிட நல்ல சாட்சி எங்களிடம் இல்லை. ஆனால் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சாதா நெல் இல்லாததால் அந்தச் சாட்சி செல்லாது. அது செல்லாமல் போனது எதனால் என்றாவது எழுத வேண்டாமா?

எழுதலாம் என்றிருக்கிறேன். கையெழுத்தையும் சேர்த்து.

நஃபீஸத்


4 ஜூன் 2025

நஃபீஸத்துக்கு,

எழுதாதே.

நான் மாற்றியதை எழுது. ஆவுடைத்தாய் என்ற பெண் சொல்லாமல் மாற்றி நட்டாள் என்று என் பெயரைப் போட்டே எழுது. எனக்கு எந்த ஆபீஸிலும் போக வேண்டிய உத்தியோகம் இல்லை. கையெழுத்தை ஏன் சொல்ல வேண்டும்? அதைக் கேட்டது யார்?

சாரிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அவருக்கு இப்போது நாலைந்து வார்த்தைதான் வருகிறது. நான் "எழுதாண்டாம்னு சொல்லட்டா?" என்று கேட்டேன். அவர் இடது கையை ஆட்டி, "அவ... அவ..." என்றார். அவள் இஷ்டம் என்கிறாரா, அவளைத் தடுக்காதே என்கிறாரா, தெரியவில்லை. முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்த மனுஷன். வழிமுறை எழுதாமல் விடையை மட்டும் எழுதினால் பூஜ்யம் போடுவார். அவர் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரிந்துதான் இருக்கிறது. ஆனாலும் என் பேச்சைக் கேள். எழுதாதே.

ஆவுடைத்தாய்


கூடங்குளம்
19 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்கா,

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன். நீங்கள் சொன்னதைக் கேட்கவில்லை. அதைச் சொல்லச் சங்கடப்பட்டுத்தான் இத்தனை நாள்.

அறிக்கையில் மூன்று வருஷத்தையும் எழுதினேன். மூன்றாம் வருஷம் நாற்று அழிந்ததால் ஒரே நெல் நடப்பட்டது, ஆய்வாளர் உடனில்லை, பதிவேட்டில் உள்ள குறிப்பு தவறு என்று எழுதினேன். உங்கள் பெயரை எழுதவில்லை. அங்கே நின்று பார்க்க வேண்டியது என் வேலை. தலைவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, முதல் இரண்டு வருஷத்திலும் நீ உடனிருந்தாயா என்று கேட்டார். இருந்தேன். இப்போது அதை யார் நம்புவார்கள் என்றார். இந்த நெல்லைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை வெளியே போகவில்லை. ஒப்பந்தமும் நீளவில்லை.

இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பதினொன்றாம் பன்னிரண்டாம் வகுப்புக்குத் தாவரவியல் எடுக்கிறேன். உம்மா என்னோடு வந்துவிட்டாள். கடல்காற்றில் அவளுக்கு முட்டிவலி அதிகம் என்கிறாள், ஆனால் இருக்கிறாள். நேற்று வேர் உறிஞ்சுதல் பாடம். பிள்ளைகள் ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டார்கள். மணி அடித்துவிட்டது.

நிம்மதியாக இருக்கிறதா என்று உம்மா கேட்கிறாள். நிம்மதி என்று சொல்ல வரவில்லை. அசதியாக இருக்கிறது. படுத்தால் தூக்கம் வருகிறது. முன்பு அதுகூட இல்லை.

சார் எப்படி இருக்கிறார்? இது நான் கேட்டிருக்க வேண்டிய முதல் வரி. கடைசியிலாவது கேட்கிறேன்.

நஃபீஸத்


15 அக்டோபர் 2025

நஃபீஸத்துக்கு,

சார் கம்பு ஊன்றி வாசல்வரை வருகிறார். பேச்சு பைய வருகிறது.

ஒரு விஷயம் கேட்காமலே தொடங்கிவிட்டேன், அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஒப்பந்தப்படி மீதி விதை எங்களுக்குத்தானே? இரண்டாம் வருஷத்து சாதா நெல் பை ஒன்று நீ ஒட்டிய முத்திரையோடு அப்படியே இருந்தது. வேர்நெல்லும் இருக்கிறது. இரண்டுக்கும் நாற்றங்கால் போட்டிருக்கிறேன். இரண்டுமே மேட்டில், நடுவில் வரப்பு உயர்த்தி. நவம்பர் எட்டாம் தேதி சனிக்கிழமை நடவு. உனக்குப் பள்ளிக்கூடம் லீவு.

எந்த ஆபீஸும் இதைக் கேட்கப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். நீ வந்து நில். கையெழுத்துப் போட வேண்டாம். நின்றால் போதும்.

ஆவுடைத்தாய்


3 டிசம்பர் 2025

நஃபீஸத்துக்கு,

நீ நடவுக்கு வந்து போனதை இசக்கியம்மாள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாள். "சேத்துல எறங்கி மன்னிப்புக் கேட்ட மொத ஆளு இந்தப் பிள்ளதான்" என்கிறாள்.

நட்டு இருபத்தைந்து நாள் ஆகிறது. சாதா நெல் ஆறு பாத்தியும் கரும்பச்சையாக, குச்சி மாதிரி நிமிர்ந்து, தூரே இல்லாமல் நிற்கிறது. வேர்நெல் அகன்றுவிட்டது. முன்னெல்லாம் வயலின் பாதிதான் ஊர்ப்பாதையிலிருந்து தெரியும். இப்போது கருவை மரங்களை வெட்டியதால் முழுக்கத் தெரிகிறது. நேற்று ஒருத்தர் சைக்கிளை நிறுத்திக் கேட்டார், "என்ன ஆவுடத்தாயி, உரம் வாங்க முடியலையா? நான் ஒரு மூடை தரட்டா?" என்று. வேண்டாம் அண்ணாச்சி என்றேன். கீழ் வயலுக்குப் போட்டதில் அரை மூட்டை டிஏபி வீட்டிலேயே இருக்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் போகிறேன்.

இப்போது விஷயம். வேர்நெல் இலையில் துருப் பிடித்த மாதிரி பழுப்புப் புள்ளி விழுகிறது. சாதாவில் கொஞ்சம், வேர்நெல்லில் அதிகம். எனக்கு இது துத்தநாகக் குறை என்று தெரியும். ஜிங்க் சல்பேட் வாங்கி வைத்திருக்கிறேன். பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. போடவா?

ஆவுடைத்தாய்


கூடங்குளம்
7 டிசம்பர் 2025

அன்புள்ள அக்கா,

துத்தநாகம்தான். வேகமாக வளர்கிற செடிக்குத்தான் அது முதலில் போதாமல் போகும். ஒரு சத்து கிடைத்ததும் அடுத்ததன் குறை தெரிய ஆரம்பிக்கும். அந்த மரபணு மணிச்சத்துக்கு மட்டும்தான் உதவும், மற்றதை மண்ணும் நாமும்தான் பார்க்க வேண்டும்.

போடுங்கள். பன்னிரண்டு பாத்திக்கும் ஒரே அளவு, ஒரே நாளில். அளவையும் தேதியையும் எழுதி வையுங்கள்.

கேட்டதற்கு நன்றி அக்கா.

நஃபீஸத்


10 பிப்ரவரி 2026

அன்புள்ள நஃபீஸத்,

நெல் கதிர் தலைசாய்ந்துவிட்டது. வேர்நெல் முழுக்கப் பழுத்துவிட்டது. சாதா இன்னும் பச்சை தட்டி நிற்கிறது, அது பத்து நாள் பிந்தும். வரப்பில் நிற்கிற எவருக்கும் எது எது என்று சொல்லாமலே தெரியும். துத்தநாகம் போட்ட பிறகு புள்ளி மறைந்துவிட்டது. மணிச்சத்து ஒரு மணிகூடப் போடவில்லை. பயிர் சாப்பாடு இல்லாமல் நிற்பதை மூன்று மாதம் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். இப்படி ஒரு வேலையை நான் என் ஆயுசில் செய்ததில்லை. மார்கழியில் ஒருநாள் டிஏபி மூட்டையைத் தூக்கி இசக்கியம்மாள் வீட்டில் போட்டுவிட்டு வந்தேன், கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று.

நேற்றும் முந்தாநாளும் தூர் எண்ணினேன். பாத்திக்கு இருபது குத்து. சார் நாற்காலியில் வரப்போரம் உட்கார்ந்து, நான் சொல்லச் சொல்ல இடது கையால் எழுதினார். எழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கிறது, ஆனால் எண் தெரிகிறது. கூட்டிச் சராசரியும் அவரே போட்டார். அதற்கு மட்டும் அரை நாள் ஆயிற்று.

அந்த எண்ணை உனக்கு இந்தக் கடிதத்தில் எழுத மாட்டேன். உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் சாரைக் கையெழுத்துப் போடச் சொல்லி அலமாரியில் வைத்திருக்கிறேன். நீ வந்து உன் கையால் எண்ணு. நான் எண்ணிய குத்துக்கெல்லாம் குச்சி நட்டிருக்கிறது. நீ எண்ணி முடித்து, உன் தாளில் எழுதிய பிறகு உறையைப் பிரிப்போம். இரண்டும் ஒன்றாக இருந்தால் சரி. இல்லையென்றால் எங்கே மாறியது என்று மறுபடி வயலுக்குப் போய்ப் பார்ப்போம்.

உனக்கு என் மேல் நம்பிக்கை வர வேண்டும் என்று இதைச் செய்யவில்லை. நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்று இரண்டு பேருமே யோசிக்க வேண்டாம் என்றுதான்.

சனிக்கிழமை வெயில் ஏறுவதற்கு முன் வந்துவிடு. உம்மாவையும் கூட்டிக்கொண்டு வா, சாரைப் பார்த்த மாதிரி இருக்கும். வேர்நெல்லுக்கு அறுப்பு மிஷினைத் திங்கட்கிழமைக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஆவுடையக்கா